எங்க காலி மனைய வேன் ஸ்டாண்டா ஆக்கிட்டாய்ங்க, திரும்ப எப்படி வாங்குனோம்

ஊர்ல ஒரு துண்டு மனைய வாங்கிப் போட்டுட்டு வேற எங்கயாவது குடியிருக்கிறவுங்க நெறைய பேருக்கு இது நடக்குது, அதுனாலதான் நீட்டமா எழுதுறேன். அடுத்தவுங்க நம்ம எடத்துல கேக்காம வண்டிய நிப்பாட்டுனா யார்ட்ட போறது, என்ன பேப்பர் வேணும், போலீஸ் எது வரைக்கும் செய்வாங்கன்னு எங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல, ஒவ்வொரு ஆபீஸா ஏறி எறங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

எடம் மதுரையில உத்தங்குடி பக்கம், அப்பா வாங்குனது, நாலு சென்ட்டு, அதாவது 1742 சதுர அடி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கிட்டங்கிறதால அந்த ஏரியாவுல எப்பவும் வண்டி நெருக்கடிதான். அப்பா தவறிட்டாரு, நான் இருக்குறது திருநகர்ல, ஊருக்கு இந்தக் கடைசி, தம்பி சென்னையில, அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்துல ஒரு டிராவல்ஸ்காரரு மொதல்ல ஒரு வேன நிப்பாட்டுனாரு, அப்புறம் ரெண்டு குட்டியானை, முகூர்த்த நாள்னா எதுத்த மண்டபத்துக்கு வர்ற காரு பூராம் அங்கனதான். அது வரைக்கும்கூட அம்மா "போகட்டும்டி, சும்மாதான கெடக்கு"ன்னுதான் சொல்லுச்சு. ஆனா ஒரு நாளு போயி பாத்தா கிராவல் அடிச்சு மட்டம் பண்ணி, இரும்பு பைப்ப ஊனி தகர ஷெட்டுக்கு ரெடி பண்ணிக்கிட்டு இருக்காய்ங்க. வயித்துல புளியக் கரைச்சிருச்சு.

கேட்டதுக்கு அந்த டிராவல்ஸ்காரரு சண்டைக்கெல்லாம் வரல, ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு, அம்மாட்ட "மதினி, அண்ணே இருக்கும்போதே நிப்பாட்டிக்கங்கன்னு சொன்னாப்ல"ன்னாரு. அப்பா சொன்னாரா இல்லையான்னு இனிமே யாரக் கேக்குறது? இந்த மாதிரி பேச்சுதான் ஆபத்துன்னு நான் நெனைக்கிறேன், கத்துறவன விட இப்படி உரிமையா பேசுறவங்ககிட்டதான் எடம் போகும்.

அக்கம்பக்கத்துல "டயர்ல காத்த புடுங்கி விடு", "குறுக்க குழி வெட்டி விடு"ன்னு ஆளாளுக்கு யோசனை. தயவு செஞ்சு அதச் செய்யாதீங்க. வண்டிக்குச் சேதம்னு வந்தா பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 324ல நம்ம மேலயே கேஸு திரும்பும், புகார் குடுக்க வேண்டிய நாம எதிரியா நிப்போம். நான் செஞ்சது போட்டோவும் வீடியோவும்தான், தேதி தெரியுற மாதிரி, நம்பர் பிளேட்டோட, ஷெட்டு பைப்போட, பல நாளு, பல நேரம். வண்டி நம்பர எம்பரிவாகன் ஆப்ல போட்டா ஓனர் பேரு பாதி ஸ்டார் ஸ்டாராத்தான் வரும், ஆனா எந்த ஆர்.டி.ஓ., என்ன வண்டிங்கிற வெவரம் கெடைக்கும். டி.என். 59லயும் 64லயும் மஞ்சப் பிளேட்டு, எல்லாம் வாடகை வண்டி. வீட்டு வண்டிய வேற வழியில்லாம நிப்பாட்டல, தொழிலே அங்கதான் நடக்குதுன்னு காட்டுறதுக்கு அது ஒதவுச்சு.

டிராபிக் போலீஸ்ல கேட்டோம், ரோட்டுல நின்னா தூக்கலாம், சொந்த எடத்துக்குள்ள நாங்க வர முடியாதுன்னுட்டாங்க. அது சரிதான், மோட்டார் வாகனச் சட்டம் 127வது பிரிவே பொது எடத்துல விட்டுட்டுப் போற வண்டியப் பத்தித்தான் பேசுது. ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்க"ன்னாங்க. நான் நகரல, பொறுமையா உக்காந்து, அத்துமீறி நுழையுறதுக்கு நியாய சன்ஹிதாவுல 329 இருக்குல்ல சார், எப்.ஐ.ஆர். போடாட்டியும் மனுவ வாங்கிக்கிட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதான் புகார வாங்குனதுக்கான ரசீது, அது மட்டும் குடுங்கன்னு கேட்டேன், குடுத்தாங்க. 329ல மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5000 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட போடலாம், ஆனா குத்தம் செய்யணும், மெரட்டணும், தொந்தரவு குடுக்கணும்ங்கிற எண்ணத்தோட நொழஞ்சாங்கன்னு காட்டணும், சும்மா வண்டி நிப்பாட்டுனதுக்கு அத நிரூபிக்கிறது கஷ்டம். ஆனாலும் அந்த ரசீத வாங்கிருங்க, நாம எந்தத் தேதியில இருந்து எதுத்தோம்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

அடுத்து பேப்பரு. இதுலதான் எங்களுக்கு நெறைய நாளு போச்சு. பத்திரம் அப்பா பேர்ல, பட்டாவும் அப்பா பேர்ல. அப்பாவோட எறப்புச் சான்ற வச்சு இ-சேவையில வாரிசுச் சான்றுக்குப் போட்டு, அது வந்ததுக்கப்புறம் பட்டா மாறுதலுக்குப் போட்டு, அம்மா, நானு, தம்பி மூணு பேருக்கும் கூட்டுப் பட்டா வாங்குனோம். வில்லங்கச் சான்றும் எடுத்தோம், காலி மனை வரி ரசீதையும் தேடி எடுத்து வச்சோம். பட்டாவுல சென்ட்டுக் கணக்கு இருக்காது, 1.62 ஏர்ஸ்னுதான் போட்டிருக்கும், ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டர சென்ட்டு. அம்மா அதப் பாத்துட்டு எடம் கொறஞ்சு போச்சோன்னு பயந்துருச்சு, கணக்குப் போட்டுக் காட்டுன பெறகுதான் நிம்மதி.

அப்புறம் பணம் கட்டி நெலத்த அளக்க மனு குடுத்தோம். சர்வேயர் பக்கத்து எடத்துக்காரங்களுக்கும் தகவல் சொல்லிட்டுத்தான் வருவாரு. எப்.எம்.பி.ங்கிற நெல அளவை வரைபடத்த வச்சு அளந்து நாலு மூலையும் காட்டுனாரு, அன்னைக்கே கல்லு ஊனிட்டோம். வேன்ல ஒண்ணு பாதி எங்க எடத்துல, பாதி அவரு எடத்துலன்னு அப்பத்தான் அந்த டிராவல்ஸ்காரருக்கே தெரிஞ்சுச்சு. எல்லைய அளக்காம சண்ட போட்டிருந்தோம்னா அவரு "இது எங்க எடம்"னுகூடச் சொல்லியிருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் வக்கீலப் பாத்தோம். அவரு ரெண்டு விஷயம் தெளிவாச் சொன்னாரு. ஒண்ணு, வண்டி நிப்பாட்டுன உடனே எடம் அவங்களுக்குப் போயிராது, 12 வருஷம் அனுபவிச்சா எடம் சொந்தமாயிரும்னு எல்லாரும் சொல்றது 1963 லிமிட்டேஷன் சட்டத்துல வர்றது, அதுக்கு நம்ம உரிமைய மறுத்து வெளிப்படையா, தொடர்ச்சியா வச்சிருக்கணும். ஆனா ஷெட்டு போட்டு, ஈ.பி. கனெக்‌ஷன் வாங்கி, அவங்க பேர்ல ரசீது சேர ஆரம்பிச்சா கத வேற. ரெண்டாவது, அப்பா வாயால அனுமதி குடுத்திருந்தாலும் அத ரத்து பண்ணலாம், 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் 60வது பிரிவு. அந்த அனுமதிய நம்பி காசு செலவழிச்சு நெரந்தரமா ஏதாவது கட்டிட்டா மட்டும்தான் சிக்கல். ஷெட்டு முழுசா எழும்புறதுக்குள்ள எழுத்துல நிறுத்தணும்னு அவரு ஏன் அவசரப்பட்டாருன்னு அப்பப் புரிஞ்சுச்சு. நோட்டீஸ்ல "அப்படி ஏதாவது அனுமதி இருந்ததாச் சொன்னாலும் இதோட அது ரத்து"ன்னு ஒரு வரி சேத்து, ஒப்புதல் அட்டையோட அனுப்புனாரு.

நோட்டீஸ் போனதும் ஷெட்டு வேல நின்னுச்சு, வேன் நகரல. நெரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது இனிமே நொழையக் கூடாதுன்னு கோர்ட்டு போடுற தடை உத்தரவு கேட்டு சிவில் கேஸ் போடலாம்னு இருந்தப்ப அந்த வக்கீலே, அவருக்கு அதுல ஒரு லாபமும் இல்லாம, மொதல்ல சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு குடுத்துப் பாருங்கன்னு சொன்னாரு, அவர நான் மறக்க மாட்டேன். கேஸ் போடுறதுக்கு முன்னாடியே அங்க போலாம், கோர்ட் பீஸ் கெடையாது. 1987ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவுப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் எலவச சட்ட ஒதவி உண்டு. இது தெரியாம எத்தன பேரு நகைய அடகு வச்சு கேஸ் நடத்துறாங்க, நெனச்சா மனசு ஆறல.

மாவட்டக் கோர்ட்டுக்குள்ளயே இருக்கு அந்த ஆபீஸு. நானும் அம்மாவும் மனு குடுத்தோம், அவங்களே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புனாங்க. அவரு வராமயோ ஒத்துக்காமயோ போயிருந்தா திரும்ப சிவில் கோர்ட்டுதான், ஆனா வந்தாரு. பட்டா, அளந்த வரைபடம், போட்டோ, சி.எஸ்.ஆர்., நோட்டீஸ்னு எல்லாத்தையும் வரிசையா வச்சதும் "அண்ணே சொன்னாப்ல"ங்கிற பேச்ச அவரே விட்டுட்டாரு. கிராவல் அடிச்ச காசக் கேட்டாரு, "ஒங்க கிராவல நீங்களே அள்ளிட்டுப் போங்க தம்பி, எனக்கு என் மண்ணு போதும்"னு அம்மா சொல்லிருச்சு. இந்தத் தேதிக்குள்ள வண்டிகளையும் பைப்பையும் எடுத்துரணும், இனிமே நொழையக் கூடாதுன்னு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். மக்கள் நீதிமன்றத்துல அத அவார்டா ஆக்கிக் குடுத்தாங்க. சிவில் கோர்ட் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு அதுக்கும் உண்டு, அப்பீல் கெடையாது, மீறுனா நேரா நிறைவேற்றுதல் மனு போடலாம்.

சொன்ன தேதிக்குள்ள எடுத்துட்டாரு. நாங்க கல்லுக்கால் ஊனி கம்பி வேலி போட்டு, கேட்டுல சர்வே நம்பரோட போர்டு மாட்டிட்டோம். மண்டபத்து மேனேஜரு இப்ப முகூர்த்தத்துக்கு முன்னாடி போன் பண்ணிக் கேக்குறாரு, அம்மா சரின்னு சொல்லுது, ஆனா தேதி, நேரம், எத்தன காரு, அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு லெட்டர் எழுதி வாங்கிட்டுத்தான் சாவி குடுக்குறோம்.

இதே மாதிரி மாட்டிக்கிட்டு இருக்குறவுங்க சட்ட ஒதவிக்கு 15100க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது.