கப்பல் காத்திருக்காது: ஒரு பகலில் மட்டக்களப்பு

லண்டனில் இருக்கும் மாமியும் மாமாவும் ஆசியாப் பக்கம் கப்பல் சுற்றுலா கிளம்பினார்கள். வழியில் கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்த அன்றிரவே மாமியின் குரல் பதிவு வந்து விழுந்தது. "மனே, காலமை ஏழு மணிக்குக் கட்டுமாம். பின்னேரம் வெளிக்கிடுமாம். மட்டக்களப்புக்கு வந்திட்டுப் போக ஏலுமா?"

மாமி அப்பாவின் தங்கை. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவர். ஆகவே அந்தக் கேள்விக்கு அவரிடம் ஏற்கெனவே பதில் இருந்தது. என்னிடம் கேட்டது வண்டிக்காகத்தான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே 130 கிலோமீற்றருக்கு மேல். ஏ15 வீதி இப்போது நன்றாக இருக்கிறது, ஆனாலும் போக மூன்று மணி, வர மூன்று மணி என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. ஒரு பகலில் ஆறு மணித்தியாலத்தை வண்டியிலேயே கழித்துவிட்டு ஊர் பார்த்தேன் என்று சொல்வது சரியா? திருகோணமலையில் அப்படி ஓடவே தேவையில்லை. கோணேஸ்வரம், அதற்குப் போகிற வழியிலேயே மான்கள் மேயும் பிரட்றிக் கோட்டை, கொஞ்சம் தள்ளிக் கன்னியா வெந்நீரூற்று. அவசரப்படாமல் பார்த்து, நல்ல மீன் குழம்போடு சாப்பிட்டு, மூன்று மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு, இன்றைக்கும்.

மாமா யாழ்ப்பாணத்தார், கணக்கில் கெட்டிக்காரர். கப்பல்காரர்களே சிகிரியாவுக்கு பஸ் விடுகிறார்கள், அதில் போவோம் என்றார். அவர் சொன்ன காரணத்தை மறுக்க முடியாது. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த பயணம் தாமதமானால் கப்பல் காத்து நிற்கும். நாமாக வண்டி பிடித்துப் போய்ப் பிந்தினால் அது பாட்டுக்குப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓடிப் பிடிக்க வேண்டியதுதான். "டயர் வெடிச்சா என்ன செய்வாய்?" என்று மாமா கேட்டார். "மாத்துவம்" என்றார் மாமி.

ஒரு கிழமை இழுபறிக்குப் பிறகு, மாமி என்னோடு மட்டக்களப்புக்கு, மாமா திருகோணமலையிலேயே என்று முடிவானது. சிகிரியாவை மாமாவும் விட்டுவிட்டார். அத்தனை படி ஏற முழங்கால் விடாது என்பதைக் கடைசியாகத்தான் ஒத்துக்கொண்டார்.

மாசி மாதம். நானும் டிரைவர் அண்ணையும் விடியமுதலே வெளிக்கிட்டுத் துறைமுக வாசலில் போய் நின்றோம். எட்டு மணிக்கு மாமி வெளியே வந்ததும் நான் பார்த்தது அவருடைய கைக்கடிகாரத்தைத்தான். அது நம் நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது! கப்பலுக்குள் கப்பல் நேரம்தான் கணக்கு. திரும்பி ஏறவேண்டிய கடைசி நேரத்தையும் அதை வைத்துத்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்ன ஆறு மணி நமக்கு ஐந்தரை. கப்பலில் வரும் சொந்தக்காரரைச் சந்திக்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் மாமி கண்ணாடியை இறக்கினார். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம். மாமிக்குத் தெரிந்த வீதியில் பாலமே கிடையாது. பஸ்ஸை படகுப்பாதையில் ஏற்றி, இறக்கி, அடுத்த ஆற்றில் மறுபடி ஏற்றி என்று ஒரு நாளே போய்விடுமாம். மூதூர், வெருகல், வாகரை என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். பெரும்போக அறுவடைக் காலம். வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் நெல் பாதி வீதியையே பிடித்திருந்தது. எதிரே லொறி வர, டிரைவர் அண்ணை நிறுத்திவிட்டார். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், நெல்லை மட்டும் ஒதுக்கவில்லை. மாமிக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு மணிக்கூடுதான் கண்ணில்.

பதினொன்றுக்கு ஊருக்குள் வந்தோம். திரும்பிப் புறப்பட ஒன்றரை. இதற்குள் எதைப் பார்ப்பது? வழக்கமாக விருந்தினர்களுக்கு நான் காட்டுகிற பட்டியல் ஒன்று இருக்கிறது: கோட்டை, காந்திப் பூங்கா, மாமாங்கேஸ்வரர் கோயில், முகத்துவாரம் வெளிச்சவீடு. மாமி அதைக் கேட்கவே இல்லை. கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்றார், அவ்வளவுதான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதும் பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்ததும் அவருக்குப் பெரிதில்லை. நீண்டகாலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதற்குள்தான் இயங்கியது. பிறப்புச் சான்றிதழ் எடுக்க அப்பப்பாவோடு வந்து வரிசையில் நின்ற கதையைச் சொன்னார். பிறகு நேரே புளியந்தீவு ஒழுங்கை. பழைய வீடு இருந்த காணியில் இப்போது மாடிவீடு. அதைப் பார்த்து மனம் உடைவார் என்று நான் பயந்தது வீண். "வேலியைப் பார், எங்கட காலத்தில நாங்கள் ஒட்டி நிண்டு கதைக்கிற வேலி. இப்ப மதில்" என்றுவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் நின்ற ஒருவரிடம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இருபது நிமிடம் அதிலேயே போனது.

மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் கேலி பண்ணுவார்கள். ஊர்க்காரரையே ஒட்டவைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கல்லடிப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும் என்று பிடிவாதம். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்களெல்லாம் அதில்தான். பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. முந்தி ஒரு பக்கத்து வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும், அப்போதுதான் பெடியன்கள் சைக்கிளில் வந்து கதை கொடுப்பார்கள் என்றார். யார் அந்தப் பெடியன் என்று கேட்டேன், பதில் இல்லை. நண்பகல் வெயில் தலையைப் பிளந்தது. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. இப்போது பாடுமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "பௌர்ணமி இரவில, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுக் காதை வைச்சுக் கேக்கவேணும். பட்டப்பகல்ல மீனும் படுத்திருக்கும்" என்றார். அதுவும் சித்திரை பிறந்த பிறகு கேட்கிற சங்கதி. நாவலடிப் பக்கம் கையைக் காட்டி, 2004 சுனாமியில் போன தன் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியைப் பற்றிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

கல்லடியில் எங்கள் வீடு. அம்மா நண்டுக் கறியும் இறால் பொரியலும் புட்டுமாக மேசையை நிரப்பியிருந்தார். எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "பாருங்க மச்சாள், விழுதா?" என்றார். விழவில்லை. கரண்டி வைத்த இடம் வெட்டுத் தெரிகிற மாதிரி அப்படியே நின்றது. மாமி கித்துள் பாணி விட்டு இரண்டு கோப்பை சாப்பிட்டார். இன்னொரு சட்டியை வாழையிலை கட்டிக் கையில் கொடுத்தார் அம்மா. வீட்டுச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இருவருமே காதில் வாங்கவில்லை.

புறப்பட ஒன்றே முக்காலாகிவிட்டது. திரும்புகிற பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. மாமி நித்திரை, நான் மணிக்கூடு, டிரைவர் அண்ணை ஒரு சொல் பேசாமல் ஓட்டினார். டயர் வெடிக்கவில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் துறைமுக வாசல். மற்றப் பயணிகள் ஐஸ்கிறீமோடு ஆறுதலாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. தயிர்ச் சட்டி எங்களோடு நின்றுவிட்டது.

அடுத்த நாள் மாமா பேசினார். கோணேஸ்வரத்தில் நல்ல தரிசனம், மான் ஒன்று அவருடைய தொப்பியைக் கடித்ததாம், கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி ஊற்றி ஒவ்வொன்றின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாராம். நிறையப் படம் அனுப்பினார். மாமி அனுப்பியது ஒரே ஒரு படம், அதுவும் மதில்.

"நீ என்ன பார்த்தாய் அங்க?" என்று மாமா அவரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். அடுத்த முறை கப்பல் வேண்டாம், கொழும்பில் இறங்கி இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து இரண்டு கிழமை நிற்பது என்று இப்போது பேச்சு நடக்கிறது. சித்திரைக்குப் பிறகு வாருங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். மாமாவுக்கு மீன் பாட்டுக் கேட்க வேண்டுமாம். அம்மாவின் கணக்கு வேறு, அப்போதுதான் எங்கள் வளவு மாமரம் காய்க்கும்.