ஐந்து வயதுப் பையனுக்கு ஊதும் டெஸ்ட்

என் மகனுக்கு மழைக்காலம் வந்தால் வீசிங்கும் வந்துவிடும். டாக்டர் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து நுரையீரலிலிருந்து வரும் காற்றை அளக்கும் டெஸ்ட், எடுக்கச் சொன்னார். "இந்த வயசுல பாதிப் பிள்ளைங்க ஒழுங்கா ஊதாது. வந்தா லாபம், வராட்டி வேற வழி பார்ப்போம்" என்றார். டெஸ்டுக்கு முந்தைய சில மணி நேரம் சால்ப்யூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) பஃப் கொடுக்கக் கூடாதாம். ஆனால் இழுப்பு வந்தால் யோசிக்காமல் கொடுத்துவிட்டு, டெஸ்டைத் தள்ளிப்போடச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

லேபில் செருப்பைக் கழற்றவைத்து உயரம் அளந்தார்கள். உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்று வரவேண்டும் என்று மெஷின் கணக்குப் போடுகிறது. மூக்குக்குக் கிளிப் என்றதும் பையன் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். டெக்னீஷியன் அக்கா தன் மூக்கில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அடைத்த குரலில் அவனைக் கூப்பிட்டார். சிரிப்பு வந்துவிட்டது, கிளிப்பும் ஏறிவிட்டது.

திரையில் மெழுகுவத்திகள். 'பூ' என்று ஊதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜெயித்த திருப்தியில் குழாயைத் துப்பினான். அங்கேதான் சிக்கல். வேகமாக ஊதினால் மட்டும் போதாது, நுரையீரல் காலியாகும்வரை ஊத வேண்டும். குட்டி நுரையீரல் சீக்கிரமே காலியாகிவிடும் என்பதால், பெரியவர்களுக்கு முதல் ஒரு வினாடிக் காற்றைப் பார்க்கும் இடத்தில் இவர்களுக்கு அரை, முக்கால் வினாடிக் கணக்கையும் பார்ப்பார்களாம். அக்கா பந்து உருளும் வேறொரு விளையாட்டுக்கு மாற்றி, "ஊது ஊது ஊது, இன்னும், இன்னும்!" என்று அவனோடு சேர்ந்து குனிந்து கத்தினார். அப்போதும் கிராஃப் உச்சிக்கு ஏறி, பாதி இறக்கத்தில் வெட்டினாற்போல் நின்றது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற கிராஃப் கிடைக்கவே இல்லை.

"அம்மா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா வற்புறுத்தவில்லை. ஆஸிலோமெட்ரி என்று இன்னொரு மெஷினுக்கு அழைத்துப் போனார். அதில் ஊத வேண்டாம். குழாயை உதட்டால் கவ்விச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். மெஷின் அனுப்பும் சின்ன அலைகளை வைத்து மூச்சுக்குழாயின் இறுக்கத்தைக் கணக்கிடுகிறது. கன்னம் அதிராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது என் வேலை. அரை நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் கூடு) சால்ப்யூட்டமால் நாலு பஃப், பதினைந்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி ஒருமுறை.

மருந்துக்குப் பிறகு இறுக்கம் நன்றாகவே குறைந்திருந்தது. தினசரி இன்ஹேலரைத் தொடரச் சொல்லி, ஊதும் டெஸ்டை அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். சின்னப் பிள்ளைக்கு எடுக்கப் போகிறவர்கள், அந்த லேபில் ஆஸிலோமெட்ரி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் இருப்பதில்லை.