கருவேல முள், ரிம் டேப், சங்கரபதிக் காடு: பின் சக்கரம் தேறிவிட்டது

சைக்கிளின் பின் சக்கரம் ஒருவழியாகக் காற்றுப் பிடித்து நிற்கிறது. சங்கரபதிக் காட்டோரம், இரண்டு கண்மாய்க் கரை, அரியக்குடி வழியாக வீடு என்று முழுச் சுற்றும் போய்வந்து, மறுநாள் காலையில் கேஜ் வைத்துப் பார்த்தால் கிளம்பும்போது வைத்த 32 பி.எஸ்.ஐ.யில் குறை சொல்லும்படி எதுவும் இறங்கவில்லை. ஒரு கோடை முழுக்க இதோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

நம்ம காரைக்குடிப் பக்கம் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரான்மலைப் பக்கம் போனால்தான் மலை என்று ஒன்று கண்ணில் படும். மற்றபடி செம்மண், சரளை, தைலமரத் தோப்பு, முந்திரி, கண்மாய், மறுபடியும் கண்மாய். கால் வலிமை அப்புறம், முதலில் முள்ளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தை 2017 வாக்கில் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். தூரோடு போகாததெல்லாம் திரும்பத் தழைத்துவிட்டது. நிற்கிற மரத்தால் அவ்வளவு தொந்தரவில்லை. வெட்டிப் போட்ட மரம்தான் ஆபத்து. எங்கே கரிமூட்டம் போட்டிருக்கிறார்களோ அங்கே பாதையில் சிராய்ச்சிராயாக முள் கிடக்கும். காய்ந்த முள் செம்மண் நிறத்திலேயே இருப்பதால், குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது. தூரத்தில் புகை தெரிந்தால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. நெருஞ்சி வேறு, மழை முடிந்து ஒரு மாதத்தில் கரையெல்லாம் படர்ந்துவிடும்.

டியூப் போட்டு ஓட்டியவரைக்கும் பஞ்சர் ஒட்டுவதே பொழுதுபோக்கு, நடுநடுவே சைக்கிள் ஓட்டுவது என்று இருந்தது. டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்றை அடைக்கிற டியூப்லெஸ்தான் வழி என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டியூப்லெஸ் என்றதும் எல்லாரும் சீலன்ட்டைப் பற்றியே, அதாவது முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற திரவத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பிராண்டு, எத்தனை மில்லி, மினுமினுப்புத் தூள் கலந்ததா, கலக்காததா என்று. நான் சொல்வேன்: சீலன்ட் இரண்டாவது. முதலில் டேப், அதாவது ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை மூடி ஒட்டுகிற நாடா.

கம்பெனியில் ஒட்டிவந்த டேப் சித்திரை வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொண்டது. டயர் மேல் ஒரு குறையும் இல்லை, முள்ளும் இல்லை, ஆனால் ராத்திரியோடு காற்று போய்விடும். சோப்பு நுரை தடவியும் டயர் ஓரத்தில் ஒரு குமிழி வரவில்லை. கடைசியில் ஸ்போக் கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் நிப்பிள் ஒன்றின் அடியில் வெள்ளையாக ஒரு சொட்டு காய்ந்து நின்றது. சீலன்ட் டேப்புக்கு அடியில் புகுந்து, ரிம்முக்குள்ளேயே சுற்றிவந்து, நிப்பிள் வழியாக எட்டிப்பார்த்திருக்கிறது. இந்த நிலைமைக்கு வந்துவிட்டால் மேலே எத்தனை மில்லி ஊற்றினாலும் வீண். எல்லாவற்றையும் உரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய டேப்பை உரிப்பது சுலபம். பசைதான் விடாது. முதலில் பெட்ரோல் கொண்டு துடைத்தேன், அது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பழைய வேட்டித்துணியில் நனைத்து, துணி வெள்ளையாகவே திரும்பிவரும்வரை துடைத்தால்தான் சரி. ஆத்தங்குடியில் டைல் வார்க்கிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துவைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சுத்தம் வேண்டும். அங்கே கண்ணாடியில் கறை இருந்தால் டைலின் முகத்தில் தெரியும். இங்கே ரிம்மில் கறை இருந்தால் பத்து நாள் கழித்து ஏதாவது கண்மாய்க் கரையில் தெரியும்.

அகலம் அடுத்தது. என் ரிம் உள்ளகலம் 21 மி.மீ. அதற்கு 25 மி.மீ. டேப். இரண்டு பக்கச் சுவரிலும் லேசாக ஏறி உட்கார வேண்டும், ஆனால் டயர் விளிம்பு கொக்கியில் மாட்டும் இடத்தை மறைக்கக் கூடாது. வால்வ் ஓட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து, ரிம்மை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, டேப் நடுவில் வெளுக்கிற அளவுக்கு இழுத்து இழுத்து ஒட்ட வேண்டும். இழுவை தளர்ந்த இடத்தில் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் காற்று போகும். ஒவ்வொரு ஸ்போக் ஓட்டைக்கு மேலும் கட்டைவிரலால் தேய்த்து, டேப் சின்னக் குழியாக அமுங்குவதைப் பார்த்தபிறகுதான் அடுத்த ஓட்டை. சுற்று முடிந்து வால்வ் ஓட்டையையும் தாண்டி ஒரு சாண் மேலேற்றி வெட்டினேன்.

வால்வுக்கு ஓட்டை போடுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீடியோவில் எல்லாரும் பிளேடால் குறுக்கே கீறுகிறார்கள். கீறின இடம் வால்வை இறுக்கும்போது கிழிந்துகொண்டே போகும். கோணி தைக்கிற ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும், கிழியாது. அடுப்பங்கரையில் ஒரு நாற்றம் வரும், வீட்டில் இரண்டு வார்த்தை விழும். பரவாயில்லை. அதன்பிறகு உடனே சீலன்ட் ஊற்றக் கூடாது. பழைய டியூபை உள்ளே போட்டு, டயரை மாட்டி, காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டும். டேப்பை விரலால் அழுத்துவதைவிட டியூப் நன்றாக அழுத்தும். இந்த ஒரு வேலைதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது.

டயர் ஏற்றுவதற்கு ரயில்வே ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாகப் போகிற பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கைப்பம்பில் ஏறுகிற டயர் இல்லை இது. கடை அண்ணன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, டியூப எங்கய்யா? மறந்துட்டு வந்துட்டியா?" என்றார். "டியூப் கிடையாதுண்ணே, பைக் மாதிரிதான்" என்றேன். "சைக்கிளுக்குமா? சரித்தான்" என்று கம்ப்ரெஸரைப் போட்டார். இந்த மாதிரிச் சைக்கிளில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் கையோடு கொண்டுபோக வேண்டும், அந்தக் கடைகளில் இருக்காது. வால்வின் நடுக்குச்சியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று மொத்தமாக உள்ளே பாயும், டயர் ஓரம் 'டப், டப்' என்று இரண்டு பக்கமும் ஏறி உட்காரும். ஆனால் கண் கேஜிலேயே இருக்கட்டும். லாரி டயருக்கு அடிக்கிற கம்ப்ரெஸர் அது. நம் டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கிற எல்லையை அது ஒரு மூச்சில் தாண்டிவிடும். அண்ணன் காசு வாங்கவில்லை. "இது ஓடுதான்னு வந்து சொல்லு" என்றார். போய்ச் சொல்ல வேண்டும்.

40 மி.மீ. டயருக்கு 100 மில்லி சீலன்ட் ஊற்றியிருக்கிறேன். இங்கத்திய வெயிலுக்கு அது சீக்கிரம் வற்றும். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வால்வ் வழியாக ஒரு குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கருவேல முள் உள்ளே போய் நுனி முறிந்து ரப்பருக்குள் தங்கும். டயரைக் கழற்றும்போது உள்பக்கம் பஞ்சை வைத்து ஒரு சுற்றுத் துடைத்தால் முள் இருக்கிற இடத்தில் பஞ்சு இழுபடும். விரலால் தடவிப் பார்க்கிறவர்கள் அனுபவித்துக்கொள்ளட்டும்.

சுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமராவதிபுதூர் தாண்டியதும் தேவகோட்டை ரோட்டை விட்டு இறங்கினால் சங்கரபதிக் காட்டோரம் மண்பாதை. இடிந்த கோட்டை உள்ளே இருக்கிறது. மருது சகோதரர்கள் காலத்தில் யானைகளைக் கட்டிவைத்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் இருவரையும் 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிட்டது இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் திருப்பத்தூரில்தான். காப்புக்காடு என்பதால் உள்ளே புகவில்லை, ஊர்ப்பாதையோடு நின்றுகொண்டேன். சரளை நன்றாக இறுகியிருக்கிறது. கண்மாய்க் கரைதான் கவனம். கரைமேல் இரட்டைத்தடம் ராஜபாட்டை மாதிரி போகும், திடீரென்று கலுங்கு (கண்மாயின் மிகைநீர் வழிந்தோடும் இடம்) வந்துவிடும். இறங்கித் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கிற உள்வாயில் குறுக்கே போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் வண்டல், அடியில் ஈரம். போர்க்குக்கும் டயருக்கும் இடையில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. கழுவுவதற்கு ஊருணியில் இறங்கவும் கூடாது. குடிக்க எடுக்கிற தண்ணீர் அது. ஒரு குடத்தில் கேட்டு வாங்கித் தள்ளிவைத்துக் கழுவுங்கள்.

டேப் வாங்கின கதை தனி வயிற்றெரிச்சல். 25 கேட்டால் 21 அனுப்புகிறார்கள். போன் செய்தால் "நாலு மில்லிமீட்டர்தானே சார்" என்கிறார்கள். அந்த ரோல் இப்போது வீட்டில் கதவிடுக்கு ஒட்டப் பயன்படுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் வரும்போது கையோடு கொண்டுவந்து கொடுத்ததுதான் இப்போது ரிம்மில் இருக்கிறது. கூரியரில் சீலன்ட் வரவழைத்தால் பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். பாதி பெட்டிக்குள்ளேயே சீல் ஆகிவருகிறது.

அடுத்தது வடக்குப் பக்கம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்கிருந்து ஆத்தங்குடி. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, அதை வெளியிலிருந்தாவது பார்த்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை சரியாகப் பெய்தால் மார்கழியில் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். அங்கே ஃப்ரீஹப் (மிதிக்காமல் உருளும்போது பின் சக்கரத்தில் சத்தம் போடும் பாகம்) கறகறவென்று கத்தாமல் இருக்க கிரீஸ் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாமா என்று யோசனை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ரோட்டை விட்டுவிடலாம். பழனி பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும், சிராவயல் மஞ்சுவிரட்டும் அந்த மாதம்தான்.

இதற்கெல்லாம் முன் சக்கரம் தயாராக வேண்டும். அதில் இன்னும் டியூப்தான் இருக்கிறது, டேப் வந்துவிட்டது, ஆல்கஹால் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒட்டி, ராத்திரி டியூப் போட்டு வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடை லீவு. திங்கள் சாயங்காலம்தான் கம்ப்ரெஸர்.