பெரியப்பா கொண்டு வந்த சுனைத் தண்ணீர்

சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி ஏறிய பெரியப்பா, திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் தண்ணீர் கம்பெனிக்கு வந்துவிட்டார். துண்டில் சுற்றியிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கைதட்டிச் சுனையில புடிச்சது சாமி. உன் மீட்டர்ல வெச்சுப் பாரு."

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன். லிட்டருக்கு 38 மில்லிகிராம் என்று காட்டியது. காங்கயம் பக்கம் எங்கள் போர்வெல் 850 அடி. அந்தத் தண்ணீர் 1,600-க்குக் கீழே இறங்கியதே இல்லை. வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மெசினில் விட்டு இறக்கினாலும் 70 வாக்கில்தான் நிற்கிறது. மலையில் பெய்த மழை, பாறை வெடிப்புக்குள் இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே வெளியே வந்துவிடுவதால் உப்பைக் கரைத்துக்கொள்ள நேரமில்லை. எங்கள் போர்த் தண்ணீரோ ஆழத்தில் பாறையோடு வெகுகாலம் கிடந்தது. பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பக் குடிக்கலாம்ல?"

"காய்ச்சிக் குடிங்க பெரியப்பா."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மீட்டர் அளப்பது கரைந்த உப்பை மட்டும்தான். சுனைக்கு மேலே யானை நடந்திருந்தாலும், குரங்கு அசுத்தம் செய்திருந்தாலும் அது 38 என்றுதான் சொல்லும். கிருமி இருக்கிறதா என்று லேபில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விற்கிற தண்ணீரில் 250 மில்லியில், மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமி ஒன்று கூட இருக்கக் கூடாது என்பது விதி.

ஊற்றுத் தண்ணீரை முறையாகப் பாட்டிலில் அடைக்கிறவர்கள் முதலில் காப்பாற்றுவது ஊற்று வாயைத்தான். மேல்மண்ணை அள்ளிவிட்டு, பாறையிலிருந்து தண்ணீர் கசியும் இடம்வரை தோண்டி, சரளைக் கல் பரப்பி, சுற்றிலும் மூடிய தொட்டி கட்டுவார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேட்டில் வாய்க்கால் வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். மழை பெய்த மறுநாள் ஊற்று கலங்கினால், மேல்தண்ணீர் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து குழாயில் பக்கத்திலேயே இருக்கும் ஆலைக்கு. சட்டப்படி அதை இயற்கை மினரல் வாட்டர் என்று விற்பதானால் குளோரின் போன்ற மருந்து கலக்கக் கூடாது. மூலத்தில் இருந்த தாதுக்களையும் மாற்றக் கூடாது. அதற்கு ஐ.எஸ். 13428 என்று தனி இந்தியத் தரமே உண்டு. அதன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 150 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். பெரியப்பாவின் பாட்டில் அந்தக் கணக்குக்கே வராது.

நாங்கள் செய்வது வேறு வேலை. ஐ.எஸ். 14543, அதாவது பேக்கேஜ் செய்த குடிநீர். கடையில் எல்லோரும் 'மினரல் வாட்டர் கேன்' என்கிறார்கள். அது மினரல் வாட்டர் இல்லை. போர்த் தண்ணீர் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மைக்ரான் ஃபில்டர் வழியாக ஆர்.ஓ.வுக்குப் போகும். அப்புறம் கிருமியைக் கொல்ல யு.வி. வெளிச்சம், ஓசோன் வாயு, கடைசியில் ஃபில்லிங். ஆயிரம் லிட்டர் ஏற்றினால் ஐநூறுக்குக் கிட்டத்தான் கைக்கு வரும். மீதி உப்பேறிக் கழியும். அதைத் தென்னைக்கு விட்டால் மண் கெட்டுவிடும். அதனால் கேனின் வெளிப்புறம் கழுவவும் தரை கழுவவும்தான் வைத்திருக்கிறோம். எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான். கிணறுகள் வற்றிப்போன ஊரில் பாதித் தண்ணீரைக் கழிக்கிறோம்.

மெசின்களைவிட என் கவனம் திரும்பி வரும் கேன்மேல்தான். ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்க்கிறேன். மண்ணெண்ணெய் வைத்திருப்பார்கள், மோர் ஊற்றியிருப்பார்கள். எவ்வளவு சுத்தமான தண்ணீரையும் ஒரு கேன் கெடுத்துவிடும். வாடை அடித்தால் கழுவக்கூட எடுப்பதில்லை, உடைத்துப் போட்டுவிடுவேன். ஒரு கேனுக்கு ஆகும் செலவு கூடத்தான், இருக்கட்டும்.

லேபிள் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பிரஸ்காரர் பனிமலையும் அருவியும் போட்டு அடித்துக் கொடுத்தார். அழகாக இருக்கிறதே என்று நானும் ஒட்டி அனுப்பினேன். ஒருநாள் கேன் போடுகிற வீட்டில் ஓர் ஆத்தா, "இந்த மலையில இருந்தா கண்ணு கொண்டாறீங்க? அதான் இனிக்குது" என்று கேட்டார்.

"இல்லீங் ஆத்தா, நம்ம போர்த் தண்ணிதானுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைத் திரும்பப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கு இரவே பிரஸ்ஸுக்குப் போன் செய்து மலையை எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது லேபிளில் பெயர், தரக்குறி, தேதி, பேட்ச் நம்பர், 'போர்வெல் தண்ணீர், ஆர்.ஓ. செய்தது' என்ற ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து இரண்டு கடைக்காரர்கள் கேன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆத்தா வீட்டுக்கு வாரம் இரண்டு கேன் இன்னும் போகிறது.

பெரியப்பா அன்று பாட்டிலோடு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் பெரியம்மா போன் செய்தார். பாதியைச் சாமி சொம்பில் ஊற்றி வைத்தார்களாம். மீதியைக் காய்ச்சி, ஆறவைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்களாம். எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறது, வந்து குடிச்சுட்டுப் போ என்றார்.