தவறணை

ஈழத்து எழுத்தில் 'தவறணை' (கள்ளோ சாராயமோ விற்கும் குடிக்கடை) வந்தால் தமிழ்நாட்டு வாசகர் பலர் 'தவறு' என்பதோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு தொடர்பும் இல்லை. போர்த்துக்கீசிய 'தவெர்னா'தான் மூலம். அதற்கும் மூலம் லத்தீன் 'தபெர்னா', அதாவது குடில் அல்லது கடை. கதிரை (நாற்காலி), குசினி (சமையலறை), அலவாங்கு (கடப்பாரை), சப்பாத்து (காலணி) எல்லாம் வந்த அதே வழி. சிங்களத்தில் இது 'தெபேரும'.

எழுதும்போது வல்லின ற, டண்ணகர ண. 'தவரனை' பிழை.

பொருளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தவறணையில் தங்குவதற்கு அறை கிடையாது. ஆகவே பழைய ஐரோப்பியக் கதைகளில் குதிரையைக் கட்டிவிட்டு இரவு தங்கும் இடத்தைத் தவறணை என்று மொழிபெயர்த்தால் பொருந்தாது. சத்திரம், விடுதி என்பவையே கிட்ட வரும். யாழ்ப்பாணத்தில் வெறுமனே தவறணை என்றால் பெரும்பாலும் கள்ளுத் தவறணைதான். சாராயம் என்றால் 'சாராயத் தவறணை' என்று சேர்த்துச் சொல்வது தெளிவு. கண்ணாடிக் கதவும் பியரும் உள்ள இடம் 'பார்'; அதைத் தவறணை என்றால் கிண்டல் தொனி வந்துவிடும்.

கூடவே வரும் சொல் பிளா: பனையோலையில் கோலிய, கள்ளுக் குடிக்கும் ஏனம். வழி சொல்லும்போது 'தவறணையடி'. 'தவறணைப் பக்கம்' என்பதைவிட அதில்தான் ஊர்வாசம் இருக்கிறது.