எல்லாருக்கும் ஒரே சுமையோ?

இலங்கையில 2019 கடைசியில வற் வரியை (சாமான் வாங்கேக்க விலையோட சேர்த்துக் கட்டுற பெறுமதி சேர் வரி) அரசாங்கம் 15 வீதத்தில இருந்து 8க்குக் குறைச்சது, அரசாங்க வருமானம் விழுந்துபோச்சு, 2022 ஏப்ரலில வெளிநாட்டுக் கடன் கட்டேலாதெண்டு அறிவிச்சாச்சு, பிறகு எல்லாரும் சேர்ந்து தாங்கோணுமாம். ஆனா 2023இல உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கேக்க வங்கியளிட்ட இருந்த திறைசேரி முறிகளைத் (அரசாங்கம் கடன் வாங்கிக் குடுக்கிற பத்திரங்கள்) தொடேல்ல, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசிலதான் கை வைச்சவை. கார்மென்ட்ஸில தைக்கிற பிள்ளையள், தோட்டத்தில கொழுந்து பறிக்கிற அக்காமார் மாசாமாசம் கட்டின காசு அது!! 2024 ஜனவரியில வற் 18 வீதம், அதை ஏழையும் பணக்காரரும் ஒரே வீதத்திலதான் கட்டுறம். யப்பான், இந்தியா மாதிரி நாடுகளுக்குக் குடுக்கவேண்டிய கடன் 2043 மட்டும் இழுபடுது, இண்டைக்கு முதலாம் வகுப்பில இருக்கிறதுகள் வேலைக்குப் போனாப் பிறகும் கட்டோணும். அதுகள் ஒரு சதமும் வாங்கேல்ல. முதல்ல பெரிய கம்பனியளின்ர வரிச்சலுகையை நிப்பாட்டுங்கோ, பிறகு சனத்திட்ட வாங்கோ.