ஆர்மெரோ: படத்துக்கு வெளியே இருந்தவை

நவம்பர் 13

1985-இல் இதே இரவு, ஒன்பது மணி கடந்த சில நிமிடங்களில், கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. உச்சியில் கிடந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. அந்த நீர் சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளங்களில் இறங்கி, போகப்போகப் பெருத்தது. லகுனில்லா ஆறு மலையிடுக்கிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாயில் இருந்த ஊர் ஆர்மெரோ. சேறு அங்கே போய்ச் சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

நவம்பர் 16

உலகத்துக்குத் தெரிந்தது ஒரு சிறுமியின் முகம். 13 வயது. கழுத்தளவு நீரில் ஏறக்குறைய 60 மணி நேரம் இருந்து, இன்றைய தேதியில் இறந்தாள். கால்கள் இடிந்த வீட்டுக்கு அடியில் சிக்கியிருந்தன. இழுத்தால் நீர் மேலே ஏறியது. கால்களை அகற்ற அறுவைக் கருவிகள் இல்லை, நீரை இறைக்கத் தகுந்த பம்பு நேரத்துக்கு வரவில்லை. கேமராக்கள் வந்துவிட்டன.

புகைப்படக்காரர் பிராங்க் ஃபூர்னியே அவளை எடுத்த படத்தைக் கண்டவர்கள், 'ஏன் காப்பாற்றவில்லை?' என்று அவர்மேல் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்துத் தொண்டை அடைத்ததுமே, நடந்தது முழுவதும் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. பம்பு எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

நவம்பர் 19

அக்டோபரிலேயே அபாய வரைபடம் தயார். ஆர்மெரோ அதில் சேறு பாயும் பகுதிக்குள் இருந்தது. 1595-இலும் 1845-இலும் சேறு மூடிய அதே மண். வெடிப்பு நடந்த அன்று மாலை சாம்பல் கொட்டியபோதும் வானொலி அமைதியாக இருக்கச் சொன்னது. மேட்டுநிலம் நடக்கும் தூரத்தில்தான். அந்த வரைபடமும் அந்த முகத்தளவு நிஜம். யாருடைய தூக்கத்தையும் அது கெடுக்கவில்லை.

நவம்பர் 24

1986-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் எரிமலை அவசர உதவிக் குழுவைத் தொடங்கியது ஆர்மெரோவால்தான். சேறு வருவதை முன்கூட்டியே அறிய, ஆற்றங்கரையில், ஊருக்கு வெகு மேலே, அதிர்வுமானியைப் புதைப்பார்கள். பாயும் சேறு நிலநடுக்கத்தைவிட அதிக அதிர்வெண்ணில், நொடிக்குப் பல பத்து முறை, நிலத்தை உலுக்கும். அதை மட்டும் வடிகட்டி ரேடியோவில் அனுப்புவார்கள். ஒரே நிலையம் போதாது: அடுத்தடுத்து இரண்டு இருந்தால்தான் வேகம் தெரியும், பொய் எச்சரிக்கையும் குறையும். சூரியத் தகடு சாம்பலால் மூடினால் மின்கலம் தீர்ந்துவிடும். யாராவது ஏறிப்போய்த் துடைக்க வேண்டும்.